பாம்புக்கு உங்களைத் தெரியாதுங்க!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. பாம்புன்னாலே அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். படம் எதுவும் போடலை, அந்த வகையில பயப்படாம படிக்கலாம்.

நம்ம சக பதிவர் ஒருத்தர் போன வாரம் ஒரு இடுகை போட்டிருந்தார். பேர் வேணாம், நல்ல மனுஷன், நல்லாவும் எழுதுவார். அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டு ஹாலில் பன்னிரண்டு பதிமூணு அடிக்கு ஒரு மலைப்பாம்பு படுத்திருக்கு. அது மேல ஒரு சின்னப் பொண்ணு தலை வச்சுப் படுத்துக்கிட்டு கார்ட்டூன் பாக்குது. அந்த வீடியோவைப் பத்திதான் இடுகை. அன்பு காட்டினா பாம்பும் குழந்தைதான்ங்கிற ரேஞ்சுல முடிச்சிருந்தார். கீழே நாப்பது பின்னூட்டம். 'கண்ணுல தண்ணி வந்துருச்சு தல', 'மனுஷனுக்கு பாம்பு எவ்வளவோ மேல்', இப்படி வழக்கமான டயலாக். ஒரே ஒருத்தர் மட்டும் 'இது ஆபத்தில்லையா?'ன்னு கேட்டிருந்தார். அவரைப் பிடிச்சு எல்லாரும் கும்மிட்டாங்க.

நானும் பின்னூட்டமாத்தான் எழுத ஆரம்பிச்சேன். அது அனுமார் வால் கணக்கா நீண்டுக்கிட்டே போச்சு. சரி, நம்ம கடையிலேயே போட்டுக்குவோம்னு இங்கே.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பாம்பைக் கண்டா கம்பைத் தேடுற ஆள் இல்லை நான். பாம்பு வளர்க்கிறவன் எல்லாம் லூசுங்கிற கட்சியும் இல்லை. ஒழுங்கா வளர்க்கிறவங்களைப் பாத்திருக்கேன், அவங்களைப் பத்திக் கீழே சொல்றேன். என் சண்டை எல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தோடதான். 'அது என்கிட்ட நல்லா பழகிடுச்சு.' பெரிய பாம்பு வளர்க்கிற விஷயத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் வேற கிடையாது.

தேவர் பிலிம்ஸ் படம் பாத்து வளர்ந்த கூட்டம் நாம. யானை முதலாளிக்காக உயிரைக் குடுக்கும், பாம்பு வந்து வில்லனைக் கொத்தும், மாடு அழும். அந்த மனசோட மலைப்பாம்பைப் பாத்தா பாசம் தெரியத்தான் செய்யும். ஆனா நாய் மாதிரி, யானை மாதிரி கூட்டமா வாழற பிராணி இல்லை அது. நாய்க்குத் தலைவன் வேணும், கூட்டாளி வேணும், நம்ம முகத்தைப் பாத்து நம்ம மூடைக் கண்டுபிடிக்கும். மலைப்பாம்புக்கு நம்ம முகத்தோட ஒரு வேலையும் கிடையாது. அது உலகத்தை நாக்கை நீட்டி வாசனையா வாங்குது. உதட்டோரம் வரிசையா இருக்கிற குழிகளால சூட்டை உணருது. அதுக்கு நீங்க யாருன்னா, 37 டிகிரி சூட்டில் நகர்ற ஒரு பொருள். அவ்வளவுதான்.

'அப்புறம் எப்படி சார் கையில எடுத்தா சும்மா இருக்கு?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அடிக்கடி கையில் எடுத்தா, இந்தச் சூடான பொருளால நமக்குக் கெடுதல் இல்லைன்னு பாம்புக்கு ஒரு பழக்கம் வந்துடுது. சீறாது, ஓடாது, கடிக்காது. அதாவது பயம் போயிடுது. பயம் போறது வேற, பாசம் வர்றது வேற. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் வினையே ஆரம்பிக்குது. ஏன்னா வீட்டுப் பாம்பு ஆளைப் பிடிக்கிறது பெரும்பாலும் கோவத்தில் இல்லை. சாப்பாடுன்னு நினைச்சுப் பிடிக்குது. கோவத்துல கடிச்ச பாம்பு கடிச்சுட்டு விட்டுடும். சாப்பாடுன்னு கடிச்ச பாம்பு விடாது, கடிச்ச அதே நொடியில உடம்பைச் சுத்தும். பத்து வருஷம் சாதுவா இருந்த பாம்புக்கும் இது பொருந்தும். முயலைத் தொட்ட கையைக் கழுவாம கூண்டுக்குள்ள விட்டா, அந்தப் பத்து வருஷப் பழக்கம் அரை நொடியில காணாமப் போயிடும்.

இன்னொரு தப்பான நினைப்பு, ஆபத்துன்னா ஹாலிவுட் படத்துல வர்ற இருபத்தஞ்சு அடி அனகோண்டாதான்னு. கீழே இருக்கிற கணக்கைப் பாருங்க.

2009 ஜூலை 1, ஃப்ளோரிடா, சம்டர் கவுண்டி. ரெண்டு வயசுப் பொண் குழந்தை, தொட்டிலில் தூங்கிட்டிருக்கு. வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு ராத்திரி வெளியே வந்து குழந்தையைக் கொன்னுடுச்சு. பாம்போட நீளம் எட்டரை அடி. அது இருந்தது கண்ணாடித் தொட்டியில். பூட்டுப் போட்ட மூடி கிடையாது, மேலே ஒரு போர்வை. முன்னாடியும் தப்பிச்சு வெளியே வந்த பாம்பு அது. ஒரு மாசமா சரியான தீனியும் இல்லைன்னு விசாரணையில் தெரிஞ்சுது. 2011ல் குழந்தையோட அம்மாவுக்கும் அவங்க கூட இருந்தவருக்கும் ஆளுக்கு 12 வருஷம் ஜெயில்.

2017 ஆகஸ்ட், இங்கிலாந்து, ஹாம்ப்ஷயர். 31 வயசு ஆள். பாம்பு வளர்ப்புல பல வருஷ அனுபவம், வீட்டில் பத்துப் பாம்பு. தன் அறையில் செத்துக் கிடந்தார். ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒண்ணு கூண்டுக்கு வெளியே இருந்துது. நீளம் எட்டு அடி. மூச்சுத் திணறிச் சாவு, எதிர்பாராத விபத்துன்னு 2018 ஜனவரியில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தப் பாம்புக்கு அவர் வச்சிருந்த செல்லப் பேர், தமிழ்ல சொன்னா 'குட்டியூண்டு'.

2019 அக்டோபர், இந்தியானா. நூத்துக்கும் மேல பாம்பு வச்சிருந்த ஒரு வீடு. ஒரு பெண்மணி கழுத்துல ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு சுத்தின நிலையில் செத்துக் கிடந்தாங்க. கூட யாரும் இல்லை. நீளம்? மறுபடியும் எட்டு அடி.

எட்டரை, எட்டு, எட்டு. மலைப்பாம்பு வட்டாரத்துல எட்டு அடிங்கிறது விடலைப் பருவம். பர்மிய மலைப்பாம்புக் குட்டி முட்டையை விட்டு வரும்போது ஒண்ணரை அடி, ரெண்டு அடி இருக்கும். நல்லா தீனி போட்டா ஒண்ணு ரெண்டு வருஷத்துல இந்த எட்டு அடியைத் தொட்டுடும். 'இன்னும் சின்னதாத்தானே இருக்கு, பெருசானதும் ஜாக்கிரதையா இருந்துக்கலாம்'ன்னு சொல்லிக்கிட்டிருக்கிற அதே காலகட்டம் அது.

எப்படிக் கொல்லுதுங்கிறதையும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா பாதுகாப்பு விதி எல்லாம் அங்கிருந்துதான் வருது. நாம மூச்சு விட விட அது கொஞ்சம் கொஞ்சமா இறுக்கும், கடைசியில மூச்சு முட்டிச் சாவோம்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2015ல் ஸ்காட் போபாக்கும் அவர் குழுவும் மயக்கம் குடுத்த எலிகளை வச்சு அளந்து பாத்தாங்க. போவா பாம்பு இறுக்கின சில விநாடியிலேயே எலியோட ரத்த அழுத்தம் பாதிக்கும் கீழே போயிடுது. மூச்சு முட்டறதுக்கு முன்னாடியே ரத்த ஓட்டம் படுத்துடுது. அதே குழு 2012ல் இன்னொண்ணும் காட்டினாங்க. செத்த எலிக்குள்ள செயற்கையா துடிக்கிற ஒரு இதயத்தை வச்சுக் குடுத்தாங்க. இதயம் துடிக்கிற வரைக்கும் பாம்பு விடாம, கூடுதல் பலத்தோட இறுக்குது.

இதை மனுஷன் கழுத்துக்குப் பொருத்திப் பாருங்க. கழுத்தோட ரெண்டு பக்கமும் மூளைக்குப் போற ரத்தக் குழாய். அதை அமுக்கினா நினைவு தப்ப சில விநாடி போதும். கத்த முடியாது, போனை எடுக்க முடியாது. 'ஐயோ இறுக்குதே, கழட்டிடுவோம்'ன்னு யோசிக்கிற நேரமே கிடைக்காது. கழுத்துல மாலை மாதிரி போட்டு போஸ் குடுக்கிற வீடியோவைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயித்தைக் கலக்கறது இதனாலதான். அஞ்சடி போவாவோ அம்பதடி டைனோசரோ (சும்மா ஒரு பேச்சுக்கு), கழுத்துல போடாதேன்னா போடாதே. இதுல விவாதமே கிடையாது.

சரி, ஒழுங்கா எப்படித்தான் பண்றாங்க?

நான் டல்லாஸ்ல ஆணி புடுங்கிட்டிருந்த காலத்துல எங்க டீம்ல ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். டல்லாஸ்ல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர்ல வீடு. பதினாலு அடி ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு ஒண்ணு வச்சிருந்தார். டெக்சாஸ்ல அதுக்கு அனுமதிச் சீட்டு வேணும், அதுவும் வாங்கி வச்சிருந்தார். ஒரு சனிக்கிழமை வந்து பாருன்னு கூப்பிட்டார். என் வீட்டுக்காரம்மா கிட்ட பார்பிக்யூன்னு சொல்லிட்டுப் போனேன் :-) (பார்பிக்யூவும் இருந்துது, பொய் இல்லை.)

போனா மனுஷன் பாம்பு ரூம் பக்கமே போகலை. காபி குடுத்தார், கதை பேசினார். முக்கால் மணி நேரம் கழிச்சு அவர் மச்சினர் வந்தார். அப்புறம்தான் எழுந்தார். 'இவன் வராம கதவைத் திறக்க மாட்டேன். போன மாசம் இவனுக்குக் காய்ச்சல், ரெண்டு வாரம் பாம்பை வெளியிலயே எடுக்கலை'ன்னார். வளர்ப்பாளர்கள் மத்தியில் பொதுவா ஒரு கணக்கு உண்டு. எட்டு அடி தாண்டினா ரெண்டு பெரியவங்க, அதுக்கு மேல ஒவ்வொரு நாலஞ்சு அடிக்கும் இன்னொருத்தர். பெரியவங்கன்னா பெரியவங்கதான். பன்னெண்டு வயசுப் பையனைக் கணக்கில் சேர்க்கிறதில்லை.

அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் நடுவுல ஒருத்தரை நிக்க வச்சிருந்தாங்க. அடியேன். வேலை? ஒண்ணும் இல்லை, கதவுகிட்ட போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும்.

பாம்புக்குத் தனி ரூம். ரூம் கதவுக்கு ஒரு பூட்டு. கூண்டோட கண்ணாடிக் கதவுக்கு ரெண்டு பூட்டு. காத்துப் போற ஓட்டை எல்லாத்துலயும் கம்பி வலை, அது மேல திருகாணி போட்ட சட்டம். கை முழுசா சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். காலையில் நாய்க்குட்டியைத் தொட்டியா, பார்பிக்யூ கறியைத் தொட்டியான்னு என்கிட்ட விசாரணை வேற. முந்தின ராத்திரி விருந்துல பீர் குடிச்சீங்களான்னு மச்சினரையும் கேட்டார், அவரும் சாதாரணமா பதில் சொன்னார். தினமும் கேக்கற கேள்வி போல.

அப்புறம் கண்ணாடியை ஒரு பக்கம் நகர்த்தி, நீளக் கம்புக் கொக்கியால பாம்போட உடம்புல மெதுவா ரெண்டு தட்டு. கையை உள்ளே விடலை. இதுதான் விஷயமே. அந்தப் பாம்புக்குக் குட்டியில இருந்து பழக்கினது இது. கதவு திறந்ததும் கொக்கி பட்டா 'இன்னிக்குச் சாப்பாடு இல்லை'ன்னு அர்த்தம். கதவு திறக்கும்போதெல்லாம் முயல் வந்து விழுந்தா, கதவு திறந்தாலே முயல்னுதான் அது முடிவு கட்டும். உள்ளே வர்ற முதல் சூடான பொருள் உங்க கை. கொக்கியால தட்டினதும் பாம்பு தலையை லேசா உள்ளுக்கு இழுத்துது. நாக்கு மெதுவா வந்து வந்து போச்சு. அதைப் பாத்துட்டுத்தான் எடுத்தாங்க. அவர் முன்பக்கம், மச்சினர் பின்பக்கம். தலை யார் முகத்துக்கு நேராவும் வராம அவர் ஒரு கையால திருப்பி விட்டுக்கிட்டே இருந்தார். பாம்போட எடை முழுக்க கைகளில்தான், யார் தோளிலும் ஒரு சுத்துக்கூட போகலை. பாக்க அவ்வளவு அழகு, மூங்கில் இலைக்கு நடுவுல வெயில் விழுந்த மாதிரி உடம்பு பூரா ஒரு மினுமினுப்பு. பத்து நிமிஷம். திரும்ப உள்ளே, ரெண்டு பூட்டு, இழுத்துப் பாத்தார். மச்சினரும் இழுத்துப் பாத்தார்.

'இது உங்களைத் தெரிஞ்சுக்குமா?'ன்னு நான் கேட்டேன். சிரிச்சார். 'அதுக்கு நான் ஒரு சூடான மரம். பெரும்பாலான நாள் மரம். என்னிக்காவது ஒரு நாள் முயலாத் தெரிவேன். எந்த நாள்னு அது முன்கூட்டியே சொல்லாது'ன்னார். பதினோரு வருஷமா அந்தப் பாம்பை வளர்க்கிறவர்.

தீனி போடற அன்னிக்கு எடுக்கிறதே கிடையாதாம். உறைய வச்ச முயலை உருக்கி, கொஞ்சம் சூடு பண்ணி, நீளக் கிடுக்கியில பிடிச்சுக் கூண்டுக்குள்ளேயே குடுப்பார். அப்பவும் மச்சினர் இருக்கணும். உயிரோட விடமாட்டார், பாம்பையே கடிச்சுக் காயம் பண்ணிடும். முழுங்கின பிறகு குறைஞ்சது ரெண்டு மூணு நாள் தொடமாட்டார், இல்லைன்னா கக்கிடும். சட்டை உரிக்கப் போற நேரம், அதாவது கண்ணு பால் மாதிரி மங்கியிருக்கும்போது, தொடமாட்டார். அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, எரிச்சலா இருக்கும். கதவுல ஒரு அட்டையில தீனி போட்ட தேதி, சட்டை உரிச்ச தேதி எல்லாம் எழுதி மாட்டியிருந்தார். நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் புக்கிங் மாதிரி.

தீனிக்குன்னு வேற பெட்டிக்கு மாத்திப் போடணும்னு ஒரு பழைய உபதேசம் உண்டு. கூண்டுக்குள்ளேயே போட்டா கூண்டில் வர்ற கையை எல்லாம் தீனின்னு நினைக்கும்னு காரணம் சொல்வாங்க. சின்னப் பாம்புக்கு எப்படியோ, பெரிய பாம்புக்கு இது சரியான கிறுக்குத்தனம். பசியோட இருக்கிற பாம்பைக் கையில தூக்கிட்டுப் போகணும், முழுங்கி முடிச்சு இன்னும் வேட்டை வெறி அடங்காத பாம்பைத் திரும்பத் தூக்கிட்டு வரணும். தூக்கவே கூடாத ரெண்டு நேரத்துல ரெண்டு வாட்டி தூக்கறது. கொக்கிப் பழக்கம் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துடுது, பெட்டி எதுக்கு?

ஒருவேளை சுத்திக்கிட்டா? தலையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. பல்லு எல்லாம் பின்பக்கமா வளைஞ்சிருக்கும், இழுத்தா நம்ம சதைதான் கிழியும், பாம்பும் இன்னும் இறுக்கும். வால் நுனியில இருந்து ஒவ்வொரு சுத்தா பிரிக்கணும். உடம்புலயே பலம் கம்மியான இடம் அதுதான். அவர் ரூம்ல ஒரு அலமாரியில சாராய பாட்டில் ஒண்ணு இருந்துது, குடிக்க இல்லைங்க. கடிச்சுப் பிடிச்ச பாம்போட வாயில ஊத்தினா விட்டுடும்னு பல வளர்ப்பாளர்கள் கைக்கெட்டற தூரத்துல வச்சிருப்பாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்க கழுத்துலயும் ஒரு கையிலயும் சுத்தியிருக்கிற பாம்போட வால் எங்கே இருக்கும்? உங்க முதுகுக்குப் பின்னாடி. அலமாரி பாட்டில் எங்கே? ரூமோட அந்தக் கோடியில. இந்த வித்தை எல்லாமே ரெண்டாவது ஆள் இருந்தாத்தான் வித்தை. தனி ஆளுக்கு இதுல ஒண்ணுகூட உதவாது.

இப்ப நம்ம பதிவர் போட்ட வீடியோவுக்கு வர்றேன். அந்த ரூம்ல குழந்தை இருக்கு, பாம்பு இருக்கு, கூட ஒரே ஒரு பெரியவர். அவர் ரெண்டு கையிலயும் கேமராவைப் பிடிச்சிருக்கார். நாலு வயசுக் குழந்தைக்கும் பதிமூணு அடிப் பாம்புக்கும் நடுவுல இருக்கிற பாதுகாப்பு, அன்னிக்கு அந்தப் பாம்புக்குப் பசிக்கலைங்கிறது மட்டும்தான்.

'நாய் கடிச்சு எத்தனை பேர் சாகறான் தெரியுமா?' இந்த வாதம் கட்டாயம் வரும், பாம்பு வளர்ப்புச் சங்கத்துக்காரங்க அமெரிக்காவில் வருஷக்கணக்கா சொல்ற வாதம்தான். உண்மைதான். அங்கே நாயால வருஷத்துக்குப் பல பத்துப் பேர் சாகறாங்க. மலைப்பாம்பால சராசரியா வருஷத்துக்கு ஒருத்தர்கூட இல்லை. ஆனா நாய் கோடிக்கணக்கான வீட்டில் இருக்கு, தெருவுல நடக்குது, குழந்தையோட விளையாடுது. பெரிய மலைப்பாம்பு கொஞ்சம் வீட்டில்தான் இருக்கு, அதுவும் பெரும்பாலும் பூட்டுக்குள்ள. அந்த எண்ணிக்கை கம்மியா இருக்கிறதுக்கு என் டீம் ஆள் மாதிரி பூட்டை ரெண்டு வாட்டி இழுத்துப் பாக்கறவங்கதான் காரணம். அவங்க உழைச்சு வாங்கிக் குடுத்த எண்ணிக்கையை, பூட்டே தேவையில்லைங்கிறதுக்கு ஆதாரமா காட்டறது எந்த ஊர் நியாயம்?

இன்னொண்ணு, செத்தவங்கள்ல வளர்த்தவங்க மட்டும் இல்லை. 2013 ஆகஸ்ட்ல கனடாவோட கேம்பெல்டன் ஊர்ல ரெண்டு சகோதரர்கள், ஆறு வயசும் நாலு வயசும். நண்பன் வீட்டுக்கு ராத்திரி தங்கப் போன பசங்க. ஆப்பிரிக்க மலைப்பாம்பு காத்துக் குழாய் வழியா வெளியே வந்து, கூரை உடைஞ்சு பசங்க தூங்கின ரூம்ல விழுந்துது. அந்தக் குழந்தைங்க பாம்புகிட்ட எந்தப் பந்தயமும் கட்டலை. வளர்த்தவர் மேல போட்ட வழக்கு 2016ல் விடுதலையில முடிஞ்சுது. சட்டப்படி என்னவோ, அந்தக் குழாயோட வாயில நாலு திருகாணி அதிகமா இருந்திருந்தா வழக்கே இல்லை.

சமாளிக்க முடியாமப் போனா என்ன பண்றாங்கங்கிறதுக்கு ஃப்ளோரிடா எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலமே சாட்சி. தெற்காசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இருக்க வேண்டிய பர்மிய மலைப்பாம்பு இன்னிக்கு அங்கே காட்டையே தின்னுக்கிட்டிருக்கு. எல்லாம் வளர்ப்புப் பிராணி வியாபாரத்துல வந்து, தப்பிச்சும் துரத்தி விடப்பட்டும் பெருகினதுதான். 2006ல் இருந்து அந்த மாநிலம், வளர்க்க முடியாதவங்க தண்டனை இல்லாம கொண்டு வந்து குடுத்துட்டுப் போக ஒரு திட்டமே நடத்துது. 2012ல் மத்திய அரசு பர்மிய மலைப்பாம்பு உட்பட நாலு வகையை நாட்டுக்குள்ள இறக்குமதி பண்ணத் தடை போட்டுது, 2015ல் ரெட்டிகுலேட்டடும் பச்சை அனகோண்டாவும் அந்தப் பட்டியல்ல சேர்ந்துது.

அங்கே 2017 ஜனவரியில் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் போய் வேட்டையில இறங்கினது பலருக்கு ஞாபகம் இருக்கும். முதல் ரெண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்பு. அதுல ஒண்ணு கீ லார்கோவில் பழைய ஏவுகணைத் தளத்துல பிடிச்ச 16 அடி பெட்டை. 2023ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. பரம்பரை பரம்பரையா பாம்போடவே வாழ்ந்த ஜனம், அவங்களே ஜோடியா, கூட ஆராய்ச்சியாளர்களை வச்சுக்கிட்டுத்தான் இறங்கினாங்க. யூடியூப் தம்பி தனியா இறங்கறார்.

'இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்ன?'ன்னு ஒதுங்கிடாதீங்க. 2023 ஏப்ரல்ல கோலாலம்பூர்ல இருந்து சென்னை வந்த ஒரு பயணியோட பெட்டியில 22 பாம்பு. அதே வருஷம் ஜூலையில திருச்சி ஏர்போர்ட்ல 47 மலைப்பாம்பு, ஒரே பெட்டியில. 2024 ஏப்ரல்ல பெங்களூர்ல, பாங்காக்ல இருந்து வந்த பெட்டியில 10 மஞ்சள் அனகோண்டா. வாங்கறதுக்கு ஆள் இல்லாம யாரும் கடத்த மாட்டான். அந்த வாங்கற ஆள் இந்த மாதிரி வீடியோவும் இந்த மாதிரி இடுகையும் பாத்துட்டு 'நமக்கும் ஒண்ணு'ன்னு கிளம்பினவன்தான்.

நம்ம நாட்டு மலைப்பாம்பு காட்டுயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணை, வீட்டில் வச்சாலே ஜெயில். வெளிநாட்டுப் பாம்புக்கு 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்த பிறகு பதிவு கட்டாயம். சூட்கேஸ்ல வந்த பாம்பை என்னன்னு பதியறது? அதனால அது ரகசியமாத்தான் வளரும். ரகசியமா வளர்ற பாம்புக்கு என்ன கிடைக்காதுன்னு மேலே படிச்சதை வச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாது, அதனால ரெண்டாவது ஆள் கிடையாது. டாக்டர்கிட்ட கொண்டு போக முடியாது. அளவெடுத்துக் கூண்டு செய்யத் தச்சரைக் கூப்பிட முடியாது, பழைய மீன் தொட்டி மேல ஒரு பலகையும் ரெண்டு செங்கல்லும்தான். தப்பிச்சா வனத்துறைக்குப் போன் பண்ண முடியாது. அபார்ட்மெண்ட்ல மத்த வீட்டுக்காரங்களை எச்சரிக்கவும் முடியாது. பெருசாகிப் போனா திருப்பிக் குடுக்க இடம் கிடையாது, ராத்திரியோட ராத்திரியா ஏரிக்கரையில விட்டுட்டு வரணும். சம்டர் கவுண்டியில போர்வை போட்டு மூடின தொட்டி இருந்துதே, இங்கே ஒவ்வொரு கள்ளப் பாம்பும் அதே மாதிரித் தொட்டியிலதான் வளரும்.

அதனால, நண்பரே, உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை. அந்த இடுகையைத் தூக்கச் சொல்லலை. அடியில ஒரு வரி சேருங்க, போதும். அந்த வீட்டில் ரெண்டாவது பெரியவர் எங்கேன்னு கேட்டு. 'ஆபத்தில்லையா'ன்னு கேட்ட அந்தப் பின்னூட்டக்காரருக்கும் ஒரு பதில் போட்டுடுங்க, பாவம், இன்னும் வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கார்.

பி.கு: வீட்டுக்குள்ள பாம்பு வந்துடுச்சு என்ன பண்றதுன்னு தனி மடல்ல கேட்ட மூணு பேருக்கும்: அது வேற சமாச்சாரம், இந்தப் பதிவுக்குள்ள வராது. கம்பை எடுக்காதீங்க, தள்ளி நின்னு எங்க போகுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டு தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ போன் பண்ணுங்க. அனானி கும்மிகள் வழக்கம் போல மட்டுறுத்தப்படும் :-)